ஆறப்போட்ட காடு

அந்த அணை கடைசிவரை கட்டப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊர் முழுகியதா இல்லையா என்று யாரும் காத்திருக்க வேண்டாம். முழுகவில்லை. உலகச் சண்டை வந்தது. சர்க்காரிடம் இருந்த இரும்பும் சிமிட்டியும் வேறு பக்கம் போயின. சேலத்து மில்லுகளுக்கு வேறு எங்கிருந்தோ மின்சாரம் வந்தது. வளப்பூர் நாட்டில், ஈச்சங்காட்டுப்பட்டிக்குக் கீழே, கருங்கல் ஓடையின் இரண்டு கரையிலும் நட்ட சர்வே கற்கள் மட்டும் நின்றன. கற்களுக்கு உள்ளே இருந்த நிலமும் சர்க்காரிடமே நின்றது. அணைக்கென்று எடுத்த நிலத்தை அணை இல்லை என்று ஆனதும் திருப்பித் தர வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

அத்தாயியின் கீழ்காடு அந்தக் கற்களுக்கு உள்ளே இருந்தது.

காடு என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல. சாமையும் தினையும் விதைக்கிற மேட்டு நிலத்துக்கு மலையில் அதுதான் பெயர். அத்தாயிக்கும் அவள் புருஷன் செங்கோடனுக்கும் காடு இரண்டு. வீட்டுக்கு மேலே ஒன்று, ஓடைக்குப் போகிற சரிவில் ஒன்று. ஓடையோரத்தில் நெல் வயல் வைத்திருந்த ஏழெட்டுக் குடும்பங்களில் அவர்கள் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் அவர்களும் ஆக நான்கு வயிறும் இந்த இரண்டு காட்டை நம்பித்தான்.

ஒரு காட்டில் மூன்று வருடம் விதைப்பார்கள். பிறகு மூன்று வருடம் அதை ஆறப்போடுவார்கள். ஆறுகிற காட்டில் இரும்பு படக்கூடாது. மம்முட்டி, களைக்கொத்து, அருவாள் எதுவும் உள்ளே போகாது. உண்ணிச்செடியும் சூரைமுள்ளும் அதன் போக்கில் வளரும், இலை உதிரும், மக்கும். சரிவு முழுக்கப் பத்துக் குடும்பத்தின் காடுகள் ஒன்றாக ஆறும், ஒன்றாக விழிக்கும். நடுவில் ஒருவன் மட்டும் விதைத்தால் காட்டுப்பன்றி அந்த ஒரு காட்டை நோக்கி இறங்கும், சுற்றிலும் கிளறும் என்பது ஊர்க்கட்டு.

முப்பத்தெட்டாம் வருடம் மாசி மாதம் சர்க்கார் ஆட்கள் வந்தபோது கீழ்காடு ஆறத் தொடங்கி இரண்டு வருடம் முடிந்திருந்தது. மேல்காட்டில் இன்னும் ஒரு விதைப்பு பாக்கி. அதற்கடுத்த வருடம் சோறு கீழ்காட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அதிகாரி பேளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டோலியில் வந்தார். நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோள் கொடுப்பார்கள், நான்கு பேர் மாற்றுக்கு நடப்பார்கள். செங்கோடன் எப்போதும் முன் தோள். டோலி தூக்குகிறவர்களுக்கும் ஒரு கட்டு உண்டு. ஏற்றிய ஆளைப் போக வேண்டிய இடத்தில்தான் இறக்க வேண்டும். வழியில் சுமைமேடைகளில் மட்டும் தாழ்த்தலாம். விதைத்த காட்டுக்குள் டோலியோடு மிதிக்கக்கூடாது. பாம்பு கடித்த ஒருவனைக் கொட்டுகிற மழையில் ஒரு மேடையிலும் தாழ்த்தாமல் அடிவாரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவன் என்று செங்கோடனைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அவனுக்கு அதில் பெருமை. கட்டு எதுவானாலும் அதைப் பிசகாமல் காப்பதில் அவனுக்குப் பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

ஊர்க்கவுண்டர் சென்றாயன் வீட்டு வாசலில் பலாமர நிழலில் மேசை போட்டார்கள். அதிகாரி உட்கார்ந்தார். அவருடைய குமாஸ்தா குப்புசாமி, ராசிபுரத்துக்காரன், நோட்டுப் புத்தகத்தை விரித்தான். ஊர்ப் பெண்கள் வாழைப்பழமும் தேனும் தினைமாவும் கொண்டுவந்து வைத்தார்கள். ஊருக்கு வந்தவன் யாரானாலும் வெறும் வயிற்றோடு உட்காரவிடக் கூடாது என்பதும் ஒரு கட்டு. அத்தாயி தேன் சட்டியோடு நின்றிருந்தாள்.

"கீழ்காடு, செங்கோடன். என்ன பயிர்?" என்றான் குப்புசாமி.

"பயிரு இல்லீங்க. ஆறப்போட்டிருக்குதுங்க."

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு வருசம் முடிஞ்சுதுங்க. இன்னொரு வருசம் கெடக்கோணும். அதுக்கு முன்னால நாங்க தொட மாட்டமுங்க. எத்தன பஞ்சம் வந்தாலும் தொட மாட்டமுங்க."

"பஞ்சம் வந்தாலும் தொட மாட்டாங்களாம்," என்று குமாஸ்தா அதிகாரியிடம் சொன்னான். அதிகாரி சிரித்தார். குமாஸ்தா ஒரே ஒரு சொல் எழுதினான்.

"என்னங்க எளுதினீங்க?" என்று அத்தாயி கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னதைத்தான். நிலம் சும்மா கிடக்குதுன்னு."

"சும்மா கெடக்கலீங்க. ஆறுது."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. இன்னும் கொஞ்சம் தேன் ஊத்து."

அவள் ஊற்றினாள். பின்னால் பல நாள் அந்தத் தேனை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது. கீழ்காட்டுப் பாறையில் கட்டியிருந்த தேன் அது.

மற்ற ஒன்பது குடும்பத்து ஆண்களும் அதையேதான் சொன்னார்கள். யார் காடு சுத்தமாக ஆறியிருக்கிறது என்பதில் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் சென்றாயன் தன் காட்டில் ஆட்டுக்குட்டியைக்கூட விட்டதில்லை என்றார்.

சித்திரை பிறந்ததும் அத்தாயியும் செங்கோடனும் மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கினார்கள். விடிய நடந்தால் வெயில் ஏறுகிற நேரத்துக்கு அடிவாரம். அமீர் ஹம்சா ராவுத்தர் கடை வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஈச்சங்காட்டுப்பட்டி மிளகு அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்குத்தான் போகிறது.

"வாம்மா அத்தாயி. செங்கோடா, மூட்டைய எறக்கு. கஞ்சி குடிச்சீங்களா?"

"ஆச்சுங்க ராவுத்தரே."

"ஆகல. மூஞ்சியே சொல்லுது. ஜீனத்து, ரெண்டு பேருக்குக் கஞ்சி கொண்டா," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "இது உங்க ஊர்ச் சங்கதி. சாவடியில ஒட்டியிருந்தாங்க. பத்து நாளாச்சு. உங்க ஊர்ல ஒருத்தரும் எறங்கி வல்ல. யார்கிட்டச் சொல்றது?"

"படிங்க," என்றான் செங்கோடன்.

ராவுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மின்சார உற்பத்தி என்னும் பொதுக் காரியத்துக்காகக் கீழ்க்கண்ட நிலங்கள். வயல்காரர்கள் பெயர் வரிசையாக வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நஷ்டஈடு. செங்கோடன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். வரிசை முடிந்தது.

"எங்க பேரு வல்லீங்களே," என்றாள் அத்தாயி.

"கடேசியில ஒண்ணு இருக்கு. 'ஓடைச் சரிவு, நூத்தி நாப்பது ஏக்கரா. தரிசு. பயிரிடுவோர் இல்லை, குடியிருப்பு இல்லை.' அவ்வளவுதான்."

"இன்னொருக்காப் படிங்க."

படித்தார்.

"அதுல எங்க பேரு எங்கீங்க?"

"பேரு இல்லம்மா. தரிசுக்குப் பேரு போட மாட்டாங்க. அது சர்க்காருது. நஷ்டஈடும் கெடையாது."

"ஆளே இல்லைன்னா எளுதியிருக்குது?"

"பயிரிடுவோர் இல்லை, குடியிருப்பு இல்லை. அப்படித்தான் எழுதியிருக்கு."

அத்தாயி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பத்துப் பேரு அவன் முன்னால கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க ராவுத்தரே. நானு தேன் ஊத்திக்கிட்டு நின்னேன். தின்னுபோட்டு ஆளில்லைன்னு எளுதினானுங்களா?"

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். செங்கோடன் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது.

"ஆடியில மறுபடி பாக்க வருவாங்க," என்றார் ராவுத்தர். "ஆட்சேபம் இருந்தா அன்னிக்குச் சொல்லலாம்னு அடியில போட்டிருக்கு. எனக்குத் தோணறதச் சொல்றேன். நான் வக்கீல் இல்ல. வாயால சொன்னா எடுபடாது. பயிர் நிக்கணும். வந்தவன் கண்ணு முன்னால பயிர் நின்னா, இல்லைன்னு எப்படி எழுதுவான்?"

"காடு ஆறுதுங்களே," என்றான் செங்கோடன்.

ராவுத்தர் அவனைப் பார்த்தார், அத்தாயியைப் பார்த்தார், மிளகை அள்ளிச் சல்லடையில் போட்டார்.

மேலே ஏறும்போது அவள் முன்னால் நடந்தாள். அப்படி நடப்பது வழக்கமில்லை. இரண்டாவது சுமைமேடை வந்தது. அங்கே உப்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவன் கேட்டது என்ன பயிருன்னு. நீங்க சொன்னது என்ன?"

"உள்ளதச் சொன்னேன். கேட்டா உள்ளதச் சொல்றதில்லியா புள்ளே?"

"உள்ளதோட நிறுத்துனீங்களா? இன்னொரு வருசம் கெடக்கோணும், பஞ்சம் வந்தாலும் தொட மாட்டம். இதெல்லாம் அவன் கேட்டானா?"

"பெருமையா வாயில வந்துபோச்சு."

"பெருமைய ஆக்கிப் போடறேன். அடுத்த வருசம் அதையே தின்னுங்க."

"எல்லாரும்தான் சொன்னாங்க. கவுண்டரு சொல்லலியா?"

"கவுண்டருக்கு வயல் இருக்குது. அவரு பேரு அந்தக் காயிதத்துல இருக்குது. காடு போனா அவரு ஊட்டுல நெல்லுச் சோறு. நம்முளுக்கு?"

செங்கோடன் மேடைக் கல்லைத் தடவிக்கொண்டு நின்றான். தோளில் டோலி மூங்கில் அழுத்திக் காய்த்துப்போன தழும்பு வேர்வையில் மினுத்தது.

"நானு வெதைக்கப் போறேன்," என்றாள்.

"இரும்பு படக்கூடாது அத்தாயி."

"சர்க்காரு கல்லு நட்டானே, கடப்பாரையிலதானே குழி தோண்டினான். அது இரும்பு இல்லியா? அப்பெல்லாம் உங்க வாயி எங்கீங்க போச்சு?"

மூட்டையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

அடுத்த நாளே தொடங்கினாள். அருவாளும் மம்முட்டியும் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். உண்ணிச்செடி ஆள் உயரம் நின்றது. வெட்டினால் கையெல்லாம் கீறல், மூக்கெல்லாம் அதன் நெடி. வேர் மண்ணுக்குள் கயிறுபோல ஓடியது. முதல் நாள் மூன்று பாத்தி அளவுகூட வெளுக்கவில்லை. மாற்றாளுக்குப் பாவாயியைக் கேட்டாள். ஒருத்தி காட்டில் ஒருத்தி போய் வேலை செய்து நாளுக்கு நாள் ஈடு கட்டிக்கொள்வது வழக்கம். பாவாயி அவளுக்கு நாலு நாள் பாக்கி.

"வேறெங்க கூப்புட்டாலும் வாரேன் அக்கா," என்றாள் பாவாயி. "ஆறற காட்டுக்கு வர மாட்டேன். எங்கூட்டுலயும் கொளந்தைக இருக்குது."

"உன் காடும் அதுல போச்சு பாவாயி."

"போச்சுதான். அதுக்கு நானு என்ன பண்ணட்டும்?"

மூன்றாம் நாள் சென்றாயன் கவுண்டர் வந்தார். எல்லைக்கு வெளியே, தன் காட்டு ஓரத்தில் நின்றார். உள்ளே மிதிக்கவில்லை.

"அத்தாயி, நெறுத்து."

"எதுக்குங்க மாமா?"

"பத்துக் காட்டுக்கு நடுவுல ஒரு காடு வெதச்சா பன்னி எறங்கும். உன்னோடதும் போவும், எங்களுதும் கெளறிப்போடும். உனக்குத் தெரியாததா?"

"எல்லாருமா வெதைக்கலாமுங்க. பன்னிக்குப் பங்கு வெச்சாலும் மிச்சம் இருக்கும்."

"மனு எளுதப் போறோம். நாமக்கல்லுக்கு ஆளு போறான்."

"மனுவுல என்னனு எளுதுவீங்க? ஆறப்போட்டிருக்குதுன்னா? அதத்தான் மாசியில சொல்லியாச்சே."

கவுண்டர் மேலே ஊரைப் பார்த்தார். "செங்கோடன் எங்கே?"

"ஊட்டுல இருக்காருங்க. கட்டுக்குக் காவலு."

அவர் போனார். போகிற போக்கில், இனி அவள் காட்டுக்கு யாரும் கை கொடுக்கக்கூடாது என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லாவிட்டாலும் யாரும் வந்திருக்கப் போவதில்லை.

ஆறாம் நாள் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு செங்கோடன் வந்தான். எல்லையில் நின்று பார்த்தான். அவள் குனிந்தபடியே இருந்தாள். அவன் தூக்குப்போசியைக் கல்மேல் வைத்துவிட்டு உள்ளே இறங்கினான். கையில் ஒன்றுமில்லை. ஓர் உண்ணித் தூரை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, வேரோடு பிடுங்கினான். அதைத் தள்ளிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான்.

"மம்முட்டி அங்க கெடக்குது," என்றாள்.

"வேண்டாம். நானு இரும்பு தொடல."

"கையி என்னாத்துக்கு ஆவும்?"

"எனக்குத் தெரியும். நீ வேலயப் பாரு."

பன்னிரண்டு நாள் அப்படியே பிடுங்கினான். உள்ளங்கைத் தோல் உரிந்ததும் பலாப்பிசின் பூசினான். ஒரு கையாலும் சோறு பிசைய முடியாமல் மூத்த பெண்ணை ஊட்டிவிடச் சொன்னான். அத்தாயிக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. இரும்பு தொடாத அந்த மனுஷன்மேல் கொஞ்சம். ஒரு சொல்லை எழுதிவிட்டுத் தேன் கேட்டவன்மேல் மிச்சமெல்லாம்.

வைகாசி முதல் மழைக்கு மேல்காட்டு விதையில் பாதியை எடுத்தாள். வேறு விதை வீட்டில் இல்லை. கீழ்காட்டில் சாமையை வீசி, மண்ணை மேலாகக் கொத்திவிட்டாள். ஓரத்தில் கடுகு தெளித்தாள். மேல்காடு பாதி வெறுமையாக நின்றது. எட்டாம் நாள் சரிவில் பச்சை கண்டது. சுற்றிலும் முள்ளும் புதருமாக இருந்த மலைச்சரிவில் அந்த ஒரு துண்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. எதிர்மேட்டில் நின்றால்கூடத் தெரிந்தது. பன்றியும் இறங்கியது. செங்கோடனின் தம்பி சின்னராசு தகரத்தைத் தட்டிக்கொண்டு நாலு பொழுது காவல் கிடந்தான்.

"பன்னிகூட உன் காட்ட ஒத்துக்கிச்சு மதினி. இனி சர்க்காரு ஒத்துக்கோணும், அவ்வளவுதான்," என்றான்.

ஆடி பிறந்தது. சாரல் விடாமல் பிடித்தது. மேகம் ஓடைவரை இறங்கிப் படுத்துக்கொண்டது. புல்லுக்குப் புல் அட்டை. அதிகாரி அடிவாரத்துக்கு வந்துவிட்டார், டோலிக்கு எட்டுப் பேர் வேண்டும் என்று கவுண்டருக்குச் செய்தி வந்தது. முறை செங்கோடனுக்கு.

"போவாதீங்க," என்றாள் அத்தாயி.

"முறைய விட முடியுமா? நானே தூக்கிட்டு வந்து நம்ம காட்டக் காட்டறேன். பயிரு நிக்குதில்ல? பாத்தா எளுதித்தான் ஆவோணும்."

அவன் குரலில் மறுபடி அந்தப் பெருமை இருந்தது. அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்கு இறங்கினாள்.

மத்தியானத்துக்கு மேல் அவள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது மேகத்துக்குள் டோலிக்காரர்களின் குரல் கேட்டது. முதலில் குரல், பிறகு மூங்கில், பிறகு குடைக்கு அடியில் அதிகாரி. கால்சட்டையைக் கணுக்காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பின்னால் குப்புசாமி புத்தகத்தை எண்ணெய்த்துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு வந்தான். அட்டையைத் தட்டித் தட்டி அவன் கால் ஓய்ந்திருந்தது. கவுண்டர் கடைசியில்.

"என்னா கனமடா," என்று சின்னராசு பின் தோளில் முனகினான். "ஏழு பலாப்பழமும் ஒரு எருமைக்கன்னும்."

டோலி எல்லையில் நின்றது.

"ஏன் நிக்கறீங்க? உள்ளே போங்க. சர்வே கல்லைப் பார்க்கணும்," என்றார் அதிகாரி.

"பயிருங்க எசமான்," என்றான் செங்கோடன். "டோலியோட பயிரு மிதிக்கறதில்லீங்க. எறங்கி ரெண்டு எட்டு நடந்தாப் போதுமுங்க."

"இந்த அட்டையிலயா? போ உள்ளே."

செங்கோடன் அத்தாயியைப் பார்த்தான். அவள் விலகி வழிவிட்டாள். பயிரைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார். நாலு பேரின் எட்டுக் காலும் உள்ளே இறங்கின. முழங்கால் உயரச் சாமை ஈரத்தில் சாய்ந்து மண்ணோடு ஒட்டியது. நடுக்காட்டில் கல் இருந்த இடத்துக்கு வந்து டோலி நின்றது. தோளிலிருந்து இறக்கவில்லை.

"இது எப்போ விதைச்சது?" என்று அதிகாரி கேட்டார்.

அத்தாயி நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்குப் பதிலை அவள் ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தாள். போன வருசமும் வெதச்சோம், அதுக்கு முந்தியும் வெதச்சோம், மாசியில அறுத்த தாளப் பாத்துபோட்டு மறந்து எளுதிட்டீங்க என்று சொல்வதாக இருந்தாள். தனியாக இருக்கும்போது இரண்டு தடவை சொல்லியும் பார்த்திருந்தாள்.

"வைகாசி மொத மளைக்குங்க," என்றாள். "இந்தப் பொதரு பூராவும் நாந்தான் வெட்டினேன். ஒரு ஆளு கை குடுக்கல. பதினெட்டு நாளு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. செங்கோடன் மூங்கிலுக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் குற்றம் சொல்வது எதுவுமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

குப்புசாமி எண்ணெய்த்துணியைப் பிரித்தான். "அறிவிப்பு பங்குனி இருபதுங்க சார். விதைப்பு வைகாசி. அறிவிப்புக்குப் பின்னாடி நுழைஞ்சிருக்காங்க. ஆக்கிரமிப்பு."

"எளுதுங்க," என்றாள் அத்தாயி. "பயிரு நிக்குது பாருங்க. அதையும் எளுதுங்க. மாசியில பயிரு இல்லைன்னு எளுதினீங்க. இப்ப இருக்குதுன்னு எளுதுங்க."

"அதைத்தாம்மா எழுதறேன். பயிர் இருக்கு. அதனாலதான் ஆக்கிரமிப்பு."

"வெதைக்காட்டித் தரிசு. வெதச்சாக் குத்தம். அப்ப நாங்க என்னதாங்க பண்ணோணும்?"

குப்புசாமி எழுதிக்கொண்டிருந்தான்.

"பத்து நாளில் பயிரைப் பிடுங்கிடணும்," என்றார் அதிகாரி. அவர் அதட்டவில்லை. களைத்துப் போயிருந்தார். "இல்லாட்டி அபராதம். இதோ பாரும்மா, இது யார் நிலமும் இல்லை. அதைப் புரிஞ்சுக்கோ. கவுண்டரே, இவங்களுக்குச் சொல்லும். சரி, டோலியைத் திருப்புங்க. இருட்டறதுக்குள்ள எறங்கணும்."

டோலி திரும்பவில்லை.

"எசமான், ஒண்ணு கேக்கலாங்களா?" என்றான் செங்கோடன்.

"என்ன?"

"அந்தக் காயிதத்துல இந்தக் காட்டப் பத்தி என்னனு இருக்குதுங்க? அந்த ஐயா ஒருக்காப் படிக்கட்டுமுங்க. எனக்கு எளுத்துத் தெரியாது."

அதிகாரி குப்புசாமியைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் சலித்துக்கொண்டே படித்தான். "ஓடைச் சரிவு, தரிசு. பயிரிடுவோர் இல்லை, குடியிருப்பு இல்லை."

"ஆளே இல்லைங்கறதுங்களா?"

"இல்லைன்னுதான் இருக்கு."

"அது மாறாதுங்களா? நாங்க நேருல நின்னாலும் மாறாதுங்களா?"

"கெஜட்டிலேயே வந்தாச்சு. எப்படி மாறும்?"

"செரிங்க," என்றான் செங்கோடன். பின் தோளில் இருந்த சின்னராசுவைத் திரும்பிப் பார்த்தான். "எறக்குங்கடா."

சின்னராசுவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூங்கில் நாலு தோளிலிருந்தும் ஒன்றாக இறங்கியது. நாற்காலி நடுக்காட்டில், சாமைப் பயிர்மேல் மெதுவாக உட்கார்ந்தது. ஆளுக்கு அதிர்ச்சி தெரியாமல் இறக்குவதில் செங்கோடனுக்கு இணை கிடையாது.

"இங்கே எதுக்கு எறக்கறே?" என்றான் குப்புசாமி.

"ஆளில்லாத காடுங்களே," என்றான் செங்கோடன். தோள்துண்டை எடுத்து உதறினான். தோல் உரிந்து ஆறிய உள்ளங்கை வெளேரென்று தெரிந்தது. "தூக்கறதுக்கு இங்க ஆளு ஏதுங்க?"

அவன் எல்லையைப் பார்த்து நடந்தான். நிற்கிற பயிரை மிதிக்காமல், வரும்போது சாய்ந்த தடத்தில் காலை வைத்து நடந்தான். சின்னராசு பின்னால் போனான். மற்ற இரண்டு பேரும் போனார்கள். மாற்றுக்கு வந்த நாலு பேர் எல்லைக்கு வெளியிலிருந்தே மேகத்துக்குள் கலைந்தார்கள்.

"கவுண்டரே, என்ன இது? கூப்பிடும் அவங்களை," என்று அதிகாரி கத்தினார். "அத்தனை பேர் மேலயும் கேசு போடுவேன்."

சென்றாயன் கவுண்டர் தன் காட்டு ஓரத்தில் நின்றார். புதர் மண்டி, இரண்டரை வருடம் ஆறி, ஆட்டுக்குட்டிகூட மிதிக்காமல் அவர் காத்த காடு. அதை ஒரு முறை பார்த்தார்.

"போடுங்க எசமான். பேரு வேணுமுங்களே கேசுக்கு," என்றார். "எறங்கறப்பப் பாத்து எறங்குங்க. மூணாம் மேடைக்கிட்ட வழுக்கும்." அவரும் போய்விட்டார்.

குப்புசாமி "டேய், டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டே எல்லை வரை ஓடி, வழுக்கி, முழங்காலில் விழுந்து, எழுந்து, மேகத்துக்குள் போனான். அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி அடங்கியது.

சாரல் பெய்தது. காட்டில் அதிகாரியும் அத்தாயியும் மட்டும் இருந்தார்கள். அவர் குடையைப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தார். தரையில் பாதம் வைத்தார். பூட்ஸ்மேல் அட்டை ஒன்று நெளிந்து ஏறுவதைப் பார்த்து மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். இறங்குவதா, உட்கார்ந்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அத்தாயி குனிந்தாள். மிதிபட்ட தட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்தாள். நிமிராததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். பத்து நாள் இருக்கிறது. பத்து நாளில் களை ஒரு முழம் வளரும். களைக்கொத்தைப் போட்டுக்கொண்டே வரிசையாக வந்தாள். நாற்காலிக்கு முன்னால் வந்தபோது நிமிர்ந்து, முகத்தில் வழிந்த நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றாள். "கொஞ்சம் காலத் தூக்குங்க. பயிரு இருக்குது."

அவர் காலைத் தூக்கினார்.